பிடிக்காத ஒருவரோடு ஒரே வீடு, ஒரே சபை: அன்பு என்று எதைச் சொல்வது?

மார்த்தாள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இதை எங்கள் சபையில் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் அன்று மாலைக்குள் சேகரம், அதாவது எங்கள் ஆயரின் கீழுள்ள சபைகள், முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இங்கே கேட்கிறேன்.

என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, கணவரை இழந்த பிறகு எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். பெரிய துரோகம் எதுவும் எனக்குச் செய்ததில்லை. சொத்துத் தகராறும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஏதாவது ஒரு குத்தல். குழம்பில் புளி கூடிவிட்டது என்று ஆரம்பித்து, பிள்ளைகளின் படிப்பு, என் அம்மா வீட்டு வசதி வரைக்கும் போகும். என் முகத்துக்கு நேரே சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பாடகர் குழுவிலும் சொல்லி, அது சுற்றிக்கொண்டு என் காதுக்கு வரும். போன மாதம் என் மகளுக்கு வந்த வரனைப் பற்றிக்கூடச் சங்கத்தில் பேசியிருக்கிறார்கள்.

திருவிருந்து (இராப்போஜனம்) ஆராதனையில், பக்கத்தில் இருப்பவரின் கைபற்றிச் சமாதானம் கொடுக்கும் நேரம்தான் எனக்குப் பெரிய சோதனை. இருவரும் ஒரே வரிசையில்தான் உட்காருவோம். அவர்கள் கையை என் கைகளுக்குள் வாங்கும்போது உள்ளே கசப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அதே கையை நீட்டித்தான் அப்பத்தையும் வாங்குகிறேன். "தேவனிடத்தில் அன்புகூருகிறேனென்று ஒருவன் சொல்லியும், தன் சகோதரனைப் பகைத்தால், அவன் பொய்யன்" என்று யோவான் எழுதியிருக்கிறார். அப்படியானால் நான் யார்? இராப்போஜனம் எடுக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் நேர்மையா?

அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று ஜெபித்தும் பார்த்துவிட்டேன். பிடிக்கவில்லை. "அன்பாயிருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எப்படி என்று சொல்லுங்கள்.

---

ஒலிவக்கிளை எழுதியது:

சிஸ்டர், ஜெபித்துக்கொள்கிறேன். கர்த்தர் அவர்கள் இருதயத்தை மாற்றுவார். சோர்ந்துபோகாதீர்கள்.

---

சிறுமலர் எழுதியது:

மார்த்தாள் அக்கா, நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் குழந்தை தெரேசம்மாள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பிரான்ஸில் லிசியே என்ற ஊரில் கார்மேல் மடம். 1888-இல் 15 வயதில் உள்ளே போனவர், 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தார். அடைபட்ட மடம் என்பதால் வெளியே போக வழியில்லை. சாப்பாடு, துணி துவைப்பது, செபம் எல்லாம் அதே சில கன்னியர்களோடுதான். கூட்டுக் குடும்பத்திலாவது கோபித்துக்கொண்டு நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போய்வரலாம், அங்கே அதுவும் கிடையாது.

அங்கிருந்த ஒரு சகோதரியின் பேச்சு, நடை, குணம் எதுவுமே தனக்குப் பிடிக்கவில்லை என்று தெரேசம்மாள் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு புனிதை இப்படி எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை, அதைப் பெரிய பாவமாக்கி அழுதுகொண்டிருக்கவும் இல்லை. தனக்கு மிகவும் பிரியமான ஒருவருக்கு என்னென்ன செய்வாரோ, அதையெல்லாம் அந்தச் சகோதரிக்குச் செய்வது என்று முடிவெடுத்தார். எதிரே வரும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார். கையால் ஆகும் உதவிகளைச் செய்தார். எதிர்த்துப் பேச நாக்கு துடித்தபோது சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். கடைசியில் அந்தச் சகோதரியே, "என்னிடம் உங்களை இப்படி இழுப்பது எது? என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே" என்று கேட்டாராம்.

பிரசங்கங்களில் இந்தக் கேள்வியோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. போராட்டம் மிஞ்சிப்போன நேரங்களில், போர்க்களத்திலிருந்து ஓடும் சிப்பாய் மாதிரித் தான் ஓடியே போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறார். அதாவது, நின்று தாங்க முடியாது என்று தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவார். ஓடிப்போன அந்தப் பெண்ணைத்தான் திருச்சபை 1997-இல் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியர், என்று அறிவித்தது.

மதினி பேச ஆரம்பித்ததும் நீங்கள் மாடிக்குப் போய்விடுவது அன்பில்லாத செயல் என்று நினைக்காதீர்கள். திரும்ப இறங்கி வந்தால் போதும்.

---

பாளை நண்பன் எழுதியது:

சிறுமலர், நல்ல பதிவு. ஆனாலும் ஒரு சந்தேகம். உள்ளே பிடிக்கவில்லை, வெளியே சிரிப்பு. இயேசு பரிசேயரைப் பார்த்து மாயக்காரரே என்று சொன்னது இதைத்தானே? மார்த்தாள் அக்காவின் பயமும் அதுதான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கச் சொன்னால், அவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாக நடிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

எங்கள் சபைகளில் சிரித்துக்கொண்டே பத்து வருஷம் பேசாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேகரத் தேர்தல் வந்தால் அந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

---

உபதேசியார் மகன் எழுதியது:

தம்பி பாளை நண்பன் கேட்டது நியாயமான கேள்வி. மாயக்காரர் என்று இயேசு சொன்னது மனுஷர் காணவேண்டும் என்று செய்கிறவர்களை. தன் பெயருக்காகச் சிரிப்பது அந்தக் கணக்கில் வரும். எதிரே இருப்பவரின் நன்மைக்காகத் தன் எரிச்சலை அடக்கிச் சிரிப்பது வேறு. மத்தேயு 5:44-ஐ ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்ன வாயோடு, அதை எப்படிச் செய்வது என்றும் அவர் சொல்லிவிடுகிறார்: ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். மூன்றும் செய்யக்கூடிய காரியங்கள். மனதில் இன்ன உணர்ச்சி வரவேண்டும் என்று அங்கே ஒரு கட்டளையும் இல்லை. அந்த உணர்ச்சி இல்லாமலே ஒருவர் இந்த மூன்றையும் செய்தால் அவர் கீழ்ப்படிகிறார், நடிக்கவில்லை. மார்த்தாள், நீங்கள் இதுவரை "எனக்கு அவர்களைப் பிடிக்கும்படி செய்யும்" என்று உங்களுக்காக ஜெபித்திருக்கிறீர்கள். அவர்களுக்காக ஜெபித்தீர்களா? அவர்கள் மூட்டுவலி, தனிமை, தூக்கம் இதற்கெல்லாம்?

இனி திருவிருந்து. நம் திருநெல்வேலிச் சபைகளில் ஆங்கிலிகன் வழியில் வந்த பழையவர்களுக்கு 1662-ஆம் வருஷத்துப் பொது ஜெபப் புத்தகம் தெரிந்திருக்கும். நற்கருணை முறைக்கு முன்னால் குருவானவருக்கான விதிகள் இருக்கும். பகையும் குரோதமும் உள்ளவர்களை ஒப்புரவாகும்வரை பந்திக்குச் சேர்க்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அதோடு நிற்கவில்லை. ஒருவர் மனப்பூர்வமாக மன்னிக்கவும், தன் பக்கத்துத் தவறைச் சரிசெய்யவும் தயாராக இருந்து, மற்றவர் பிடிவாதமாக மறுத்தால், தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிடிவாதக்காரரைத்தான் நிறுத்தவேண்டும் என்று எழுதியிருக்கிறது. எத்தனை சபைச் சண்டையைப் பார்த்தபின் இதை எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பவுலும் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று சொல்லித்தான் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருக்கச் சொல்கிறார். உங்களால் ஆனது எது என்பதுதான் உங்கள் கேள்வி. மதினியால் ஆனது மதினியின் கணக்கு.

சமாதானம் கொடுக்கும் வழக்கமும் சும்மா வந்ததில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவான பிறகு, 1950-இல் வந்த ஆராதனை முறையில் கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைப் பார்த்து இதைச் சேர்த்தார்கள். ஆங்கிலிகன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் என்று அதுவரை தனித்தனிப் பந்தியில் இருந்தவர்கள் முதல்முறையாகக் கைகோத்த காலம் அது. எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்தபிறகா கொடுத்திருப்பார்கள்? பீடத்திலிருந்து வருவதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். உங்கள் சொந்தச் சமாதானத்தை நீங்கள் கொடுப்பதில்லை. அதனால் வெறுங்கையாக இருக்கும்போதும் நீங்கள் கொடுக்கலாம். பந்திக்கும் போங்கள்.

---

நெய்தல் எழுதியது:

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள் மார்த்தாள் அக்கா மட்டும் இல்லை. கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

புளி கூடிவிட்டது என்று சொல்லும் மதினி ஒரு வகை. குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷன் வேறு வகை. நம் சபைகளில் இரண்டுக்கும் ஒரே மாத்திரைதான் கொடுக்கிறோம்: "ஏழெழுபதுதரம் மன்னியுங்கள், ஜெபியுங்கள், சிலுவையைச் சுமந்துகொள்ளுங்கள்." காயத்தோடு ஆயரம்மாவிடம் (ஆயரின் மனைவியிடம்) வந்த பெண்ணை ஜெபித்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் சுமந்தது சிலுவை என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். சிலுவைக்குப் போவதற்கு முன் இயேசு கல்லெறிய வந்தவர்களிடமிருந்து விலகிப் போயிருக்கிறார். நாசரேத்தூரார் மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர்கள் நடுவே கடந்துபோனார்.

மத்தேயு 18-இல் அந்த ஏழெழுபது வருவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில் தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ. அப்புறம் சபைக்குச் சொல். அதற்கும் கேட்காவிட்டால் அவன் உனக்கு வெளியாள். இந்த வரிசையை விட்டுவிட்டுக் கடைசி வசனத்தை மட்டும், அதுவும் அடி வாங்குகிறவளிடம் மட்டும் சொல்வது அநியாயம்.

இதைப் படிக்கும் சகோதரி யாராவது அந்த நிலையில் இருந்தால்: 181-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், அடிப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த வீட்டிலேயே குடியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். முதலில் பத்திரமாக இருங்கள். மன்னிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

---

உபதேசியார் மகன் எழுதியது:

நெய்தல் அம்மா சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். வேதத்திலேயே ஆதாரமும் தருகிறேன்.

பவுல் மரணத்தை எதிர்பார்த்திருந்த காலத்தில் எழுதியது இரண்டாம் தீமோத்தேயு. அதன் நாலாம் அதிகாரத்தில், சில வரிகளுக்குள், அவர் வாழ்க்கையில் கஷ்டம் கொடுத்த மூன்று வகை மனிதர்கள் வருகிறார்கள். மூவரிடமும் அவர் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

முதலாவது மாற்கு. ஊழியப் பயணத்தை பம்பிலியாவில் பாதியில் விட்டுவிட்டுப் போன பையன். அவனை மறுபடி கூட்டிப்போவதா என்பதில் பவுலுக்கும் உடன் ஊழியரான பர்னபாவுக்கும் கடுமையான சண்டை வந்து, இருவரும் பிரிந்தே போனார்கள் என்று அப்போஸ்தலர் 15 சொல்கிறது. அந்த மாற்குவைத்தான் இப்போது "உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். நடுவே பல வருஷங்கள். பிரிந்த புதிதில் அவர்கள் ஒன்றாக இருக்கவில்லை, தனித்தனியாகத்தான் ஊழியம் செய்தார்கள்.

இரண்டாவது கன்னானாகிய அலெக்சந்தர். "எனக்கு வெகு தீமைசெய்தான்" என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அவனுக்குப் பதிலளிப்பதைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு, தீமோத்தேயுவிடம் நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார். பழிவாங்கவில்லை. அதே நேரம் அவனைக் கட்டிப்பிடிக்கவும் போகவில்லை, இன்னொருவர் அவனிடம் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்.

மூன்றாவது, முதல் விசாரணையில் தன்னைக் கைவிட்டவர்கள். பயந்துபோனவர்கள். அவர்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று ஒரே வரியில் விட்டுவிடுகிறார்.

அடிக்கும் புருஷன் அலெக்சந்தர் வரிசை. அவனிடமிருந்து விலகி நின்று, கர்த்தரிடமும் சட்டத்திடமும் விடுவதில் அன்புக்கு விரோதமானது எதுவும் இல்லை. மார்த்தாளின் மதினி அலெக்சந்தர் அல்ல.

---

வழிப்போக்கன் எழுதியது:

சட்டத்தைப் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்கிறேன். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவர் மகன்கள் 10 வயது பிலிப்பையும், 6 வயது தீமோத்தேயுவையும் எரித்துக் கொன்றார்கள். பரிபாதாவில் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த மன்னிப்பால் வழக்கு நின்றுவிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2003-இல் முக்கியக் குற்றவாளிக்கு மரண தண்டனை. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மன்னிப்பது தன் காரியம், தண்டிப்பது சட்டத்தின் காரியம் என்பதுதான் அந்த அம்மாவின் நிலை. அவர்கள் உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடவும் இல்லை. மகளோடு பரிபாதாவில் தங்கி 2004 வரை அந்த நோயாளிகளைக் கவனித்தார்கள்.

கேரளத்து கன்னியாஸ்திரி ராணி மரியாவின் கதையும் உண்டு. இந்தூர் பக்கம் 1995-இல் பஸ் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டவர். அவர் தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், 2002-இல் சிறைக்குப் போய்க் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். அந்த மனிதர் மனம் மாறி, 2006-இல் விடுதலையானார். 2017-இல் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கொடுத்த விழாவுக்கும் வந்திருந்தார்.

---

மார்த்தாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உபதேசியார் அண்ணனுக்குத் தனியாக. பந்திக்குப் போகலாம் என்ற வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது.

வழிப்போக்கன் தம்பி, கிளாடிஸ் அம்மாவை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? இந்தப் பெரிய கதைகளைக் கேட்கும்போது எனக்கு இன்னும் கஷ்டமாகிறது. அவர்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களை மன்னித்தார்கள், எனக்கு ஒரு குத்தல் பேச்சைத் தாங்க முடியவில்லையே என்று தோன்றுகிறது. ஒருமுறை பெரிதாக மன்னித்துவிட்டுப் போவது வேறு, மன்னித்த ஆளே நாளைக்குக் காலையில் காப்பி கேட்டு வந்து அதையே மறுபடி செய்வது வேறு. எனக்குச் சிறுமலர் சொன்ன அந்த மடத்துக் கதைதான் கிட்டத்தில் இருக்கிறது.

---

நகோமி எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தம்பி வீட்டில் இருக்கும் விதவை. மார்த்தாளின் மதினி உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்கள் பேசுவது சரி என்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் வரன் காரியத்தைச் சங்கத்தில் பேசியது தப்பு, பெரிய தப்பு. ஆனால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்னே உங்களுக்கென்று ஒரு அடுக்களை இருந்தது. நீங்கள் எடுத்ததுதான் முடிவு. இப்போது இன்னொருத்தியின் அடுக்களையில் டப்பாவைத் திறக்கவே யோசிக்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நன்றாகவே வைத்திருப்பார்கள். ஆனால் உங்களை யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். வீட்டில் ஒரு காரியம் பேசும்போது நீங்கள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அப்புறம் வெளியிலிருந்து தெரியவரும். அந்த வரன் விஷயத்தை உங்கள் மதினியிடம் நீங்கள் யாராவது முதலில் சொன்னீர்களா, அல்லது அவர்களும் சுற்றித்தான் கேட்டார்களா?

புளி கூடிவிட்டது என்று சொல்கிறவளுக்கு, எனக்கும் சமைக்கத் தெரியும் என்று சொல்ல வேறு வழி தெரியாமல் இருக்கலாம். ஒருநாள் அவர்களைச் சமைக்கச் சொல்லுங்கள். உதவிக்கு என்று கேட்காமல், அவர்கள் கைப்பக்குவம் வேண்டும் என்று கேளுங்கள்.

இதனால் அவர்கள் வாய் நின்றுவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாக்குப் பழக்கம் சீக்கிரம் போகாது.

---

பாளை நண்பன் எழுதியது:

நகோமி அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இங்கே இருக்கும் பலருக்கும் அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ அந்த அறையில் இருப்பார்கள். நான் இன்று இரவு என் பெரியம்மாவுக்குப் போன் செய்யப் போகிறேன்.

---

மார்த்தாள் எழுதியது:

நகோமி அக்கா, வரன் விஷயத்தை நாங்கள் அவர்களிடம் சொல்லவில்லை. முடிவானதும் சொல்லலாம் என்று என் கணவர்தான் சொன்னார்கள். நீங்கள் கேட்டபிறகுதான் அது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஆனாலும் சங்கத்தில் பேசியது எனக்கு வலிக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

நெய்தல் எழுதிய மத்தேயு 18-இன் முதல் படியை நான் செய்யவே இல்லை. தனியாகப் போய்ப் பேசியதில்லை. பேசினால் பெரிதாகிவிடுமோ என்று பயம். பேசத்தான் வேண்டுமா? அண்ணன் சொல்லுங்கள். அடுத்த வாரம் எங்கள் சபையில் அசனம் (சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) வேறு, காய்கறி வெட்டும் குழுவில் இருவரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

---

உபதேசியார் மகன் எழுதியது:

பேசுங்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வசனம் லேவியராகமம் 19:18. அதற்கு நேர் முந்தின வசனத்தில், சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்று இருக்கிறது. சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால் அது பகையாக மாறும் என்று தெரிந்துதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இத்தனை காலம் பேசாமல் இருந்தது பொறுமை என்று நினைத்திருப்பீர்கள். அதில் பாதி பொறுமை, பாதி அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஒருவரிடம் குறை சொல்வது, இவரோடு உறவு வேண்டும் என்று நினைக்கிறவர் மட்டுமே செய்யக்கூடியது.

அசனத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். அன்றைக்கு நூறு காது இருக்கும். வீட்டில், கீழே, அவர்கள் இடத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கணவரை நடுவில் இழுக்காதீர்கள். அக்காவா பெண்டாட்டியா என்று அவரை நிறுத்தினால் காரியம் கெடும். வரன் விஷயம் ஒன்றைத்தான் பேச வேண்டும். புளி, அம்மா வீடு, பிள்ளைகள் படிப்பு எதுவும் வேண்டாம். பழைய மூட்டையை அவிழ்த்தால் அவர்களும் ஒன்றை அவிழ்ப்பார்கள். முதலில் சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள், அப்புறம் சங்கத்தில் பேசியது வலித்தது என்று சொல்லுங்கள். அவர்கள் மறுத்தாலும் அழுதாலும் வாதாடாமல் எழுந்து வந்துவிடுங்கள். மறுநாள் காப்பி வழக்கம்போல் கீழே போகட்டும்.

---

நெய்தல் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். இதன்பிறகும் உங்கள் மகளைப் பற்றி வெளியே பேசினால், இனிமேல் வீட்டுக் காரியம் சிலவற்றை அவர்களிடம் சொல்லமாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். அதற்காக நீங்கள் அன்பில்லாதவள் ஆகிவிடமாட்டீர்கள்.

---

மார்த்தாள் எழுதியது:

சரி. வியாழக்கிழமை என் கணவர் வேலை விஷயமாக நாகர்கோவில் போகிறார்கள், பிள்ளைகளும் டியூஷன் முடிந்து வர ஏழரை ஆகும். ஆறு மணிக்குக் கீழே போகிறேன். ஒலிவக்கிளை சிஸ்டர், அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். என் மதினிக்கும் சேர்த்து.